மலேரியா போன பிறகும் கார்டில் பி.எஃப். கோடு: எதை நம்புவது?

இரவுப்பணி17

தம்பிக்குப் போன மாதம் ஃபால்சிபாரம் என்ற கொடிய வகை மலேரியா வந்து எங்களை ஒரு வழி பண்ணிவிட்டது. இரண்டு நாள் ஐசியூ, ஆர்டிசுனேட் என்ற மலேரியா மருந்து ஊசி, அப்புறம் மூன்று நாள் மாத்திரை, எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டான். காய்ச்சல் இல்லை, பசிக்கிறது என்கிறான், நன்றாகத் தூங்குகிறான். வேலைக்குத் திரும்ப மலேரியா இல்லை என்று ஒரு சான்று வேண்டுமாம், அதற்காக ஒரு லேபில், ஒரு சொட்டு ரத்தம் விட்டுக் கோடு பார்க்கும் கார்டு டெஸ்ட் எடுத்தோம். ஊசி போட ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணினால் அன்று 19ஆம் நாள். கார்டு வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு வந்தது, ஃபால்சிபாரத்தைக் காட்டும் பி.எஃப். கோடும் பளிச்சென்று வந்தது. பான் என்று போட்டிருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை. லேபில் இருந்தவர் மருந்து பிடிக்கவில்லை, மறுபடியும் ஒரு கோர்ஸ் போட்டாக வேண்டும் என்று சொல்லிவிட்டார். பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஸ்மியர், அதாவது ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில், பார்த்துவிட்டு ஒட்டுண்ணி எதுவும் இல்லை, போகலாம் என்றார்கள். ஏன் இப்படி என்று கேட்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. காய்ச்சல் வந்த முதல் நாளே வேறொரு இடத்தில் இதே மாதிரி கார்டில் பார்த்தோம், அப்போது மலேரியா இல்லை என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் ஸ்மியரில் நிறையவே இருந்தது. அதாவது நோய் இருந்தபோது இல்லை என்ற கார்டு, நோய் போன பிறகு இருக்கிறது என்கிறது. இப்படி ஒரு டெஸ்ட் எதற்கு என்று புரியவில்லை.

அப்புறம் ஒன்று. டிஸ்சார்ஜ் ரிப்போர்ட்டில் எல்டிஹெச் என்ற நொதி 780 என்று போட்டு, அதிகம் என்று குறித்திருந்தார்கள். பான் கோடு என்பதே எல்டிஹெச்தான் என்று கார்டோடு வந்த தாளில் படித்தேன். எல்டிஹெச் அவ்வளவு இருந்தால் அந்தக் கோடு வந்திருக்க வேண்டாமா?

தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். மறுபடியும் மருந்து கொடுக்கலாமா வேண்டாமா என்று வீட்டில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம்.

ஸ்லைடு_மேசை

லேபில் 11 வருஷமாக இருக்கிறேன், இந்தப் பதற்றத்தை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். முதலில், கார்டை மட்டும் பார்த்து மறு கோர்ஸ் ஆரம்பிக்காதீர்கள். அந்த லேபில் இருந்தவர் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது, அது அவர் வேலையும் இல்லை.

உங்கள் கதையில் 19ஆம் நாள் கார்டும் சரி, ஸ்மியரும் சரி. ஸ்மியரில் நாங்கள் ஒட்டுண்ணியையே கண்ணால் பார்க்கிறோம். கார்டு ஒட்டுண்ணியைப் பார்ப்பதில்லை, அது ரத்தத்தில் விட்டுப்போகும் புரதத்தைப் பிடிக்கிறது. பி.எஃப். கோட்டில் பிடிபடுவது ஹெச்ஆர்பி2 என்ற புரதம். ஹெச் என்றால் ஹிஸ்டிடின். அந்தப் புரதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே அமினோ அமிலம்தான், அதுவும் சின்னச் சின்னத் துண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும். கார்டில் பூசியிருக்கும் எதிர்ப்பொருளுக்கு (ஆன்டிபாடி) இது கொண்டாட்டம், ஒரு மூலக்கூறிலேயே பிடித்துக்கொள்ளப் பல இடம் கிடைக்கிறது. கோடு அவ்வளவு அழுத்தமாக வருவது அதனால்தான். மனிதனுக்கு வரும் மலேரியாவில் ஃபால்சிபாரம் மட்டும்தான் இதைத் தயாரிக்கும், வைவாக்ஸ் போன்ற மற்ற வகைகள் தயாரிக்காது. சிவப்பணுவுக்குள் இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும், 48 மணி நேரச் சுற்று முடிந்து அணு வெடிக்கும்போது மொத்தமாகக் கொட்டும்.

இது ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் போகாது என்பதுதான் உங்கள் தலைவலிக்குக் காரணம். ஒட்டுண்ணி செத்துப்போனாலும் ஹெச்ஆர்பி2 இரண்டு வாரம், மூன்று வாரம், பலருக்கு ஒரு மாதம் தாண்டியும் கார்டில் தெரியும். குடியிருந்தவர் காலி செய்துவிட்டுப் போன பிறகும் வாசலில் அவர் பெயர்ப்பலகை தொங்குமே, அந்த மாதிரி. ஆரம்பத்தில் ஒட்டுண்ணி எவ்வளவு அதிகமாக இருந்ததோ அவ்வளவு நாள் இழுக்கும். ஐசியூ வரை போன ஆளுக்கு 19ஆம் நாள் கோடு வராமல் இருந்தால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பான் கோடு வேறு சங்கதி. அது ஒட்டுண்ணியின் லாக்டேட் டிஹைட்ரோஜினேஸ், அதாவது எல்டிஹெச் என்ற நொதி. சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணி சர்க்கரையை உடைத்துத்தான் உயிர் வாழ்கிறது, அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி இந்த நொதி. உயிரோடு இருக்கிற வரைக்கும் தயாரிக்கும், செத்தால் சில நாளில் ரத்தத்திலிருந்து மறைந்துவிடும். எல்லா வகை மலேரியாவிலும் இது உண்டு, அதனால்தான் பான், அதாவது எல்லாம், என்ற பெயர். பி.எஃப். இருக்கிறது, பான் இல்லை, காய்ச்சலும் இல்லை, 19 நாள் முன்னால் சிகிச்சை. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் பழைய புரதம்தான் தெரிகிறது. ஆனால் பான் கோடு மெல்லிய ஆள், ஒட்டுண்ணி குறைவாக இருந்தால் அதற்கு எட்டாது. அதனால் பான் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை, ஸ்மியர் பார்க்கிறோம். உங்களுக்கு ஸ்மியரும் பார்த்தாயிற்று.

அந்த 780 உங்கள் தம்பியுடைய சொந்த எல்டிஹெச். நம் சிவப்பணு, கல்லீரல், தசை எல்லாவற்றிலும் எல்டிஹெச் இருக்கிறது, மலேரியாவில் சிவப்பணு உடைந்து அது வெளியே வருவதால் எண்ணிக்கை ஏறுகிறது. பெயர் ஒன்று, வேலையும் ஒன்று, ஆனால் அமைப்பில் வித்தியாசம் இருப்பதால் கார்டில் இருக்கும் எதிர்ப்பொருள் ஒட்டுண்ணியுடையதை மட்டும் பிடிக்கும். இந்தக் குழப்பம் படித்த டாக்டர்களுக்கே வந்து பார்த்திருக்கிறேன், நீங்கள் வெட்கப்பட வேண்டாம்.

முதல் நாள் ஏன் இல்லை என்று வந்தது என்பதற்கு ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்குக் கார்டை எத்தனை நிமிஷம் கழித்துப் பார்த்தார்கள்?

குரோமோசோம்8

இந்த ஒட்டுண்ணியின் மரபணு பக்கம் ஆராய்ச்சி செய்கிறேன். முதல் நாள் பொய்யாக இல்லை என்று வந்தது என்றால் எனக்கு உடனே தோன்றுவது மரபணு நீக்கம்.

ஹெச்ஆர்பி2 தயாரிக்கும் மரபணு ஃபால்சிபாரத்தின் 8ஆம் குரோமோசோமில், நுனிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நுனிப் பகுதி எப்போதுமே உடைந்து போக வாய்ப்பு அதிகமுள்ள இடம். அது போய்விட்டாலும் ஒட்டுண்ணி பாட்டுக்கு வாழ்கிறது, ஆளுக்கு நோயையும் கொடுக்கிறது, கார்டில் மட்டும் தெரியாது. 2010இல் பெரு நாட்டின் அமேசான் பகுதியிலிருந்து வந்த ஆய்வுதான் முதல் அதிர்ச்சி. பரிசோதித்த 148 மாதிரிகளில் 41 விழுக்காட்டில் ஹெச்ஆர்பி2 மரபணு இல்லை. 13ஆம் குரோமோசோமில் ஹெச்ஆர்பி3 என்று ஒரு உறவுக்காரன் இருக்கிறான், ஜாடை ஒன்றாக இருப்பதால் கார்டின் எதிர்ப்பொருள் அவனையும் ஓரளவு பிடிக்கும். ஒட்டுண்ணி நிறைய இருந்தால் அவன் புண்ணியத்தில் கோடு வந்துவிடும். ஆனால் அந்த மாதிரிகளில் ஐந்தில் ஒன்றில் இரண்டுமே இல்லை.

அப்புறம் எரித்ரியா. அங்கே ஸ்மியரில் கண்ணெதிரே ஒட்டுண்ணி இருந்தும் கார்டில் கோடு வராத நோயாளிகள் அடுக்கடுக்காக வந்தார்கள், 2016இல் அந்த நாடு ஹெச்ஆர்பி2 மட்டும் பார்க்கும் கார்டையே விட்டுவிட்டது. எத்தியோப்பியாவில் 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வில், ஃபால்சிபாரம் தொற்றுகளில் பத்தில் ஒன்று இந்தக் காரணத்தால் கார்டுக்குத் தப்புகிறது என்று கணக்கிட்டார்கள். இதற்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு எல்லையே வைத்திருக்கிறது. ஒரு பகுதியில் மரபணு நீக்கத்தால் தப்பும் தொற்று 5 விழுக்காட்டைத் தாண்டினால் வேறு கார்டுக்கு மாற வேண்டும்.

யோசித்துப் பாருங்கள், கார்டில் தெரிந்தவனுக்கு மருந்து, தெரியாதவனுக்கு விடுதலை என்று ஊரெங்கும் நடந்தால் எந்த ஒட்டுண்ணி பெருகும்? நாமே சலித்துச் சலித்துத் தெரியாதவனை வளர்க்கிறோம். ஆனால் பெருவை இதில் சேர்க்க முடியாது, அங்கே பெரும்பாலும் ஸ்மியரை வைத்துத்தான் நோயைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள், இருந்தும் மரபணு போயிருந்தது. ஒட்டுண்ணி எண்ணிக்கை குறைந்து ஒரு சில வம்சங்களே மிஞ்சும்போது தற்செயலாகவும் இது நடக்கும்.

ஸ்லைடு_மேசை

எல்லாம் சரி, ஆனால் இந்தத் தம்பிக்கு அது பொருந்தாதே! ஒட்டுண்ணியில் மரபணு இல்லையென்றால் 19ஆம் நாள் பி.எஃப். கோடு எங்கிருந்து வந்தது? அவர் உடம்பில் இருந்தது ஹெச்ஆர்பி2 தயாரிக்கிற ஒட்டுண்ணிதான், அதுவும் தாராளமாக.

குரோமோசோம்8

அட ஆமாம். என் ஆராய்ச்சித் தலைப்பைப் பார்த்ததும் கதையின் மறுபாதியை மறந்துவிட்டேன். ஹெச்ஆர்பி3 மட்டும் வைத்து இத்தனை நாள் கழித்துப் பளிச்சென்று கோடு வராது. வாபஸ்.

எண்ணெய்_லென்ஸ்

ஓய்வு பெற்ற ஆள். ஸ்மியருக்குப் போடும் ஜீம்சா சாயத்தில் விரல் ஊதாவாகவே 30 வருஷம் போனது. இந்தக் கார்டெல்லாம் 1990களில் வர ஆரம்பித்தபோது எங்கள் பிழைப்பு போய்விடும் என்று பயந்தோம், போகவில்லை. நான் கார்டுக்கு எதிரி இல்லை. கரண்ட் இல்லாத, நல்ல மைக்ராஸ்கோப் இல்லாத, அதைவிட முக்கியமாக அதில் கண் பழகிய ஆள் இல்லாத இடத்தில் 15 நிமிஷத்தில் பதில் சொல்லும் பொருளைக் குறை சொன்னால் பாவம்.

ஆனால் மக்கள் கணக்குப் போடுவதில்லை. சாதாரணக் கார்டுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 100 முதல் 200 ஒட்டுண்ணியாவது இருக்க வேண்டும். பெரியவர் உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வையுங்கள், ஐம்பது லட்சம் மைக்ரோலிட்டர். 100 ஆல் பெருக்கினால் 50 கோடி. ஐம்பது கோடி ஒட்டுண்ணி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கார்டு லேசாக வாயைத் திறக்கும். நாங்கள் தடித்த ஸ்மியரில் 200 வெள்ளணு எண்ணுவதற்குள் ஒரே ஒரு ஒட்டுண்ணியைப் பார்த்தால், வெள்ளணு 8000 என்ற வழக்கமான கணக்கில் மைக்ரோலிட்டருக்கு 40 வரும். பொறுமையாக மேலும் தேடினால் அதற்குக் கீழேயும் போகலாம். பொறுமையாக என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், அவசரக்காரன் பார்க்கும் ஸ்மியரை விடக் கார்டே மேல். பிசிஆர் என்ற மரபணுச் சோதனை எங்கள் எல்லோரையும் விடக் கீழே போய்ப் பிடிக்கும், ஆனால் காய்ச்சலோடு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அது உடனே உதவுவது அரிது.

காய்ச்சலின் முதல் நாள் எண்ணிக்கை குறைவாக இருக்கலாம், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பல மடங்கு பெருகும். அதனால்தான் ஒருமுறை இல்லை என்று வந்தால் விட்டுவிடாமல், சந்தேகம் இருக்கிற வரை 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறை பார்க்கச் சொல்வது. இது நாங்கள் அந்தக் காலத்திலிருந்தே சொல்வதுதான், யாரும் இரண்டாவது முறை வருவதில்லை.

ஸ்மியர் ஆள் நானே ஒப்புக்கொள்ளும் ஒரு விஷயமும் உண்டு. ஃபால்சிபாரம் முதிர்ந்ததும் அது இருக்கும் சிவப்பணு சின்ன ரத்தக்குழாய்ச் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும், விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் வராது. நாங்கள் பார்ப்பது இளம் மோதிர வடிவங்களைத்தான். மூளையிலும் குடலிலும் படை படையாக ஒளிந்திருக்க, ஸ்லைடில் ஏழெட்டு மோதிரம் மட்டும் தெரிந்த கேஸ்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு நஞ்சுக்கொடியில் ஒளிந்துகொள்ளும். ஒளிந்தவனும் ஹெச்ஆர்பி2 வெளியே விடுவான், அது ரத்தத்தில் கலந்து எல்லா இடமும் சுற்றும், கார்டு அதைப் பிடித்துவிடும். இந்த இடத்தில் கார்டு என்னை ஜெயித்துவிடும்.

இரவுப்பணி17

எல்லோருக்கும் நன்றி, வீட்டில் கட்சிச் சண்டை ஓய்ந்துவிட்டது.

முதல் நாள் விஷயம், தம்பியிடம் கேட்டேன். ரத்தம் விட்டு, மருந்து விட்டு, இரண்டு மூன்று நிமிஷத்தில் சி கோடு வந்ததும் சரியாகிவிட்டது, மலேரியா இல்லை என்று கார்டைத் தூக்கிப் போட்டார்களாம். கூட்டம் அதிகமாம்.

இன்னொரு கேள்வி. எல்டிஹெச் உயிரோடு இருக்கும் ஒட்டுண்ணியைத்தான் காட்டும் என்றால், மரபணு தொல்லையும் இல்லை என்றால், எதற்கு இந்த ஹெச்ஆர்பி2வைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? எல்டிஹெச் மட்டும் வைத்தே கார்டு செய்யலாமே?

ஸ்லைடு_மேசை

அதே அதே. நான் சந்தேகப்பட்டது அதுதான். கூட்டம் இருந்தால் என்ன, கார்டின் உறையிலேயே 15 நிமிஷமோ 20 நிமிஷமோ என்று அச்சடித்திருக்கும். சி கோடு என்பது திரவம் பட்டையில் கடைசி வரை ஓடியது, கோட்டுக்கு நிறம் தரும் தங்கத் துகளில் ஒட்டியிருக்கும் எதிர்ப்பொருள் கெட்டுப்போகவில்லை என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான். நோயாளியின் ரத்தம் போதுமான அளவு விழுந்ததா என்று கூட அது சொல்லாது. ரத்தமே விடாமல் பஃபரை, அதாவது கிட்டோடு வரும் திரவத்தை, மட்டும் விட்டாலும் சி வரும்! ஒட்டுண்ணி குறைவாக இருக்கும்போது பி.எஃப். கோடு நிழல் மாதிரி மெதுவாகத்தான் எழும்பும், நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கும். மெல்லிய கோடும் கோடுதான். அதே நேரம் மறந்துபோய் மறுநாள் காலையில் எடுத்துப் பார்த்தால் காய்ந்த கார்டில் இல்லாத கோடும் தெரியும், அதுவும் செல்லாது. ஒரு கிட்டின் பஃபர் தீர்ந்தால் இன்னொரு கிட்டின் பஃபரை ஊற்றுவது என்று ஒரு பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

இதற்கு நேர்மாறாகவும் ஒன்று நடக்கும். ஹெச்ஆர்பி2 அளவுக்கு மீறி இருந்தால் எல்லா எதிர்ப்பொருளும் தனித்தனியாக நிரம்பிப்போய், நடுவில் புரதத்தைப் பிடித்து இரண்டு பக்கமும் கோக்க வேண்டிய சங்கிலி கோக்காது, கோடு மங்கிவிடும், சில சமயம் வராமலே போகும். ரொம்ப மோசமான நோயாளிக்குக் கார்டு இல்லை என்று சொல்கிற விபரீதம் இது. சந்தேகம் வந்தால் ரத்தத்தைச் சலைனில் நீர்த்து மறுபடி போட்டால் கோடு எழுந்து நிற்கும். இது பெரும்பாலும் ஹெச்ஆர்பி2வின் குணம், எல்டிஹெச்சில் இந்தத் தொல்லை கிட்டத்தட்ட இல்லை.

எல்டிஹெச் மட்டும் ஏன் கூடாது என்றால், சத்தம் குறைவு. ஹெச்ஆர்பி2 நிறைய உற்பத்தியாகி ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகிறது. எல்டிஹெச் அப்படிச் சேர்வதில்லை, அதனால் குறைந்த எண்ணிக்கையில் ஹெச்ஆர்பி2 கோடு முதலில் தெரியும். ஹெச்ஆர்பி2 வெயிலையும் தாங்கும். எல்டிஹெச் பார்க்கும் கார்டுகள் சூடான அறையில் மாதக்கணக்கில் கிடந்தால் சீக்கிரம் சோர்ந்துவிடும் என்ற புகார் ரொம்ப நாளாக உண்டு. மலேரியா இருக்கும் இடங்களில் குளிர்சாதனம் எங்கே இருக்கிறது? ஆல்டோலேஸ் என்று மூன்றாவதாக ஒரு புரதமும் சில கார்டில் வரும், அது இதைவிடவும் மந்தம்.

குரோமோசோம்8

எரித்ரியா மாதிரி இடங்களில் வேறு வழியில்லாமல் எல்டிஹெச் பக்கம்தான் போகிறார்கள். ஃபால்சிபாரத்தின் எல்டிஹெச்சை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருள், வைவாக்ஸுடையதை மட்டும் பிடிப்பது, எல்லாவற்றையும் பிடிப்பது என்று மூன்று வகை உண்டு. நொதி எல்லா வகை மலேரியாவிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருப்பதால் குரங்கு மலேரியாவான நோலெசி வந்தால் இந்தக் கார்டுகள் குழம்பி அதை வைவாக்ஸ் என்றோ ஃபால்சிபாரம் என்றோ படித்துவிடுவதும் உண்டு. எல்டிஹெச் மரபணு போனால் ஒட்டுண்ணிக்கு வாழ்க்கையே இல்லை, அதனால் ஹெச்ஆர்பி2 மாதிரி கழற்றிப் போட்டுவிட்டுத் தப்பிக்க முடியாது. எனக்கு அதில்தான் நம்பிக்கை.

2017இல் ஹெச்ஆர்பி2வையே பத்து மடங்கு குறைந்த அளவில் பிடிக்கும் கார்டு வந்தது. காய்ச்சலே இல்லாமல் ஒட்டுண்ணியைச் சுமந்து திரியும் ஆட்களைத் தேடிப் பிடிக்க அது உதவும். ஆனால் உங்கள் தம்பி விஷயத்தில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பழைய புரதத்தின் கடைசித் துளியையும் அது பிடிக்கும், இன்னும் பல நாள் கோடு நிற்கும்.

வார்டு_டாக்டர்

தாமதமாகப் பார்க்கிறேன். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் எல்லோரும் கார்டையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், எனக்கு ஆளைப் பார்க்க வேண்டும். தம்பிக்கு ஆர்டிசுனேட் ஊசி போட்டிருக்கிறார்கள், 19 நாள் ஆகிறது. கடைசியாக ஹீமோகுளோபின் எப்போது பார்த்தீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், ஆர்டிசுனேட் ஒட்டுண்ணியைச் சிவப்பணுவுக்குள்ளேயே கொன்றுவிடும். மண்ணீரல் அந்தப் பிணத்தை மட்டும் உருவி எடுத்துவிட்டு சிவப்பணுவை மறுபடி ஓட விட்டுவிடும், பழத்திலிருந்து கொட்டையைப் பிதுக்கி எடுக்கிற மாதிரி. உயிர் பிழைத்த அந்த அணுக்களுக்கு ஆயுள் குறைவு. ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் கூட்டமாக உடைந்தால், குணமாகிவிட்டது என்று நினைத்த ஆளுக்குத் திடீரென்று ரத்தசோகை வரும். எல்லோருக்கும் வராது, வந்தாலும் பலருக்குத் தானே சரியாகிவிடும், சிலருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். ஊசி போட்டவர்களுக்கு நான்கு வாரம் வரை வாராவாரம் ஹீமோகுளோபின் பார்ப்பது நல்லது.

நீங்கள் திட்டிக்கொண்டிருக்கும் அந்த ஹெச்ஆர்பி2க்கு இங்கேயும் ஒரு வேஷம் உண்டு. ஒட்டுண்ணியை உருவிய சிவப்பணுவின் தோலில் ஹெச்ஆர்பி2 ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஆர்டிசுனேட் போட்ட பிறகு கோடு இவ்வளவு நாள் நீடிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இதை வைத்தே 2017இல் ஒரு வழி சொன்னார்கள். சிகிச்சைக்குப் பிறகு சில நாளில் ரத்தத்தை 500 மடங்கு நீர்த்து ஹெச்ஆர்பி2 கார்டில் போட்டுப் பார்த்து, அப்படியும் கோடு வந்தால் இந்த ஆளுக்குப் பின்னால் ரத்தசோகை வரலாம், கண் வைத்துக்கொள் என்று. எச்சம் என்று ஒதுக்கியதை எச்சரிக்கையாக மாற்றிவிட்டார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. மோசமான மலேரியாவில் பிளாஸ்மாவில் ஹெச்ஆர்பி2 எவ்வளவு என்று அளந்து, ஒளிந்திருக்கும் ஒட்டுண்ணியையும் சேர்த்து மொத்தச் சுமையைக் கணக்கிடலாம் என்று 2005இல் தாய்லாந்து நோயாளிகளிடம் காட்டியிருக்கிறார்கள். எண்ணெய்_லென்ஸ் ஐயா சொன்ன ஒளிந்திருப்பவர்களை எண்ணும் வழி அது. கார்டில் கோடு வருகிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பதால் அந்தத் தகவலெல்லாம் வீணாகிறது.

சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகிறதா, கண் மஞ்சளாக இருக்கிறதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று இன்றே கேளுங்கள். அந்த 780ஐயும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். இறங்கி வந்த எல்டிஹெச் மறுபடி ஏறினால் சிவப்பணு உடைகிறது என்று அர்த்தம். இந்தத் தடவை கவனிக்க வேண்டியது மனித எல்டிஹெச்சைத்தான். நான் ஆளைப் பார்க்காமல் எழுதுகிறேன், முடிவு அவனைப் பார்க்கும் டாக்டருடையது. காய்ச்சல் திரும்பினால் மட்டும் ஒரு நாளும் தள்ளாமல் ஸ்மியர் எடுங்கள், அப்போது பழைய புரதம் என்று யாரும் சமாதானம் சொல்லக் கூடாது.

பழைய_குளிர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வைவாக்ஸ் மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தது. நடுவில் நன்றாக இருக்கும்போது எத்தனை முறை பார்த்தாலும் கார்டு இல்லை என்றே சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் புரதம் எதுவும் இல்லையா?

குரோமோசோம்8

இல்லை. வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கும். தூங்குகிற ஒட்டுண்ணி ரத்தத்தில் எதையும் விடுவதில்லை, கார்டுக்குப் பிடிக்க ஒன்றுமே இருக்காது. ரத்தத்துக்கு வந்த பிறகும் அது இளம் சிவப்பணுவை மட்டுமே தேடிப் போவதால் எண்ணிக்கை குறைவு, கோடும் மெல்லியது. அதனால் வேறு பக்கமிருந்து வருகிறார்கள். ஒட்டுண்ணியின் புரதத்தை விட்டுவிட்டு, அதற்கு எதிராக நம் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள்களைப் பார்ப்பது. ஆஸ்திரேலியாவில் வால்டர் அண்ட் எலைசா ஹால் நிறுவனத்தின் குழு 2020இல் எட்டு எதிர்ப்பொருள்களைச் சேர்த்து அளந்து, கடந்த ஒன்பது மாதத்துக்குள் ஒருவருக்கு வைவாக்ஸ் ரத்தத்தில் வந்ததா என்று சுமார் 80 விழுக்காடு சரியாகச் சொல்ல முடியும் என்று காட்டியது. சமீபத்தில் வந்திருந்தால் கல்லீரலில் மிச்சம் தூங்க வாய்ப்பு உண்டு என்ற ஊகம்தான். மூன்று முறை திரும்பியிருக்கிறதென்றால் கல்லீரலில் தூங்குவதைக் கொல்லும் பிரைமாகுவின் மாத்திரையை முழு நாளும் சாப்பிட்டீர்களா என்று டாக்டர் முதலில் கேட்பார். ஜி6பிடி என்ற நொதி உடம்பில் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

இரவுப்பணி17

வார்டு_டாக்டர் எழுதியதைப் படித்ததும் தம்பியை எழுப்பிக் கேட்டேன். மாடிப்படி ஏறினால் லேசாக மூச்சு வாங்குகிறது, காய்ச்சல் வந்த உடம்பு என்று சொல்லாமல் இருந்தானாம். நல்ல அடி கொடுக்கலாம் போல இருந்தது. காலையில் ரத்தம் கொடுத்தோம். டிஸ்சார்ஜ் அன்று ஹீமோகுளோபின் 11.1, இன்று 9.4. எல்டிஹெச் 610. டிஸ்சார்ஜுக்கு அப்புறம் நடுவில் பார்க்காததால் இறங்கி ஏறியதா, இறங்கிக்கொண்டே இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை என்றார்கள். சிறுநீர் நிறம் சரியாக இருக்கிறது. ஸ்மியர் இன்றும் இல்லை. மலேரியாவுக்கு மறுபடி மருந்து வேண்டாம், மூன்று நாளில் திரும்ப வந்து ரத்தம் கொடு, நடுவில் தலைசுற்றினால் உடனே வா என்று டாக்டர் அனுப்பிவிட்டார். சான்றுக்கு ஸ்மியர் ரிப்போர்ட்டையே கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள்.

வார்டு_டாக்டர்

சரியான முடிவு. அதுவரை வேலைக்கு அனுப்பாதீர்கள். மூன்று நாள் கழித்து வரும் எண்ணை இங்கே போடுங்கள்.